செல்போனை வைத்து ஒரு கோரிக்கையை ஜெயிக்க முடியுமா? தொடங்கும் முன் போட வேண்டிய திட்டம் என்ன?

உங்கள் அபார்ட்மென்ட் வளாகத்தில் வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கு வாரத்தில் ஒரு நாள்கூட லீவு இல்லை என்று வைத்துக்கொள்வோம். நீங்களும் நண்பர்கள் நாலு பேரும் சேர்ந்து, "இதுக்கு ஏதாவது செய்யணும்" என்று முடிவெடுக்கிறீர்கள். அடுத்த பத்து நிமிடத்தில் என்ன நடக்கும்? ஒரு வாட்ஸ்அப் குரூப். அதற்கு ஒரு பெயர், ஒரு டிபி. ராத்திரிக்குள் ஒரு கூகுள் ஃபார்ம். மறுநாள் ஓர் ஆன்லைன் மனு.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், குரூப்பில் இருப்பவர்கள் எல்லாருமே உங்களைப் போன்ற ஐ.டி. ஊழியர்கள். லீவு தேவைப்படும் பெண்களில் ஒருவர்கூட இல்லை. இதைவிட மோசமாகவும் ஆகலாம். அவர்களில் முப்பது பேர் குரூப்பில் சேர்ந்திருப்பார்கள். அந்த முப்பது பேரின் பெயரும் எண்ணும் தெரியும் ஸ்கிரீன்ஷாட், குடியிருப்போர் சங்கச் செயலாளரின் போனுக்குப் போயிருக்கும். மறுநாள் வேலை போவது உங்களுக்கு இல்லை.

இது ஒரு கற்பனை உதாரணம்தான். ஆனால் சம்பளப் பாக்கி, ரேஷன், குடிநீர், பேருந்து வசதி என எந்தக் கோரிக்கையை எடுத்தாலும் செல்போன் பிரசாரங்கள் தடுமாறும் இடங்கள் இவைதான். எனவே இந்த உதாரணத்தையே கடைசி வரை வைத்துக்கொண்டு, எதை எந்த வரிசையில் திட்டமிட வேண்டும் என்று பார்ப்போம்.

முடிவெடுக்கப் போவது யார்?

எந்த ஆப், எந்த எண் என்பதெல்லாம் பிறகு. முதலில் ஒரு காகிதத்தில் இரண்டு வரி எழுதுங்கள். இந்தக் கோரிக்கைக்கு "சரி" சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அவர் எந்த வடிவத்தில் வந்தால் அதைப் படிப்பார்?

இதற்கு இந்தியாவில் நடந்த நல்ல பாடம் ஒன்று இருக்கிறது. இணையச் சமநிலை குறித்து தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015 மார்ச் 27 அன்று ஒரு கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டது. அதில் 20 கேள்விகள். சாதாரண மக்கள் யாரும் உட்கார்ந்து பதில் எழுத மாட்டார்கள். 'சேவ் தி இன்டர்நெட்' பிரசாரத்தை நடத்திய தன்னார்வலர்கள் அந்தக் கேள்விகளுக்கான பதில்களை முன்கூட்டியே தயார் செய்து, படித்துப் பார்த்து, திருத்தி, டிராய்க்கே மின்னஞ்சலாக அனுப்பும்படி வசதி செய்தார்கள். ஏப்ரல் 24 கெடுவுக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போய்ச் சேர்ந்தன.

அதே ஆண்டு டிசம்பரில் டிராய் கட்டண வேறுபாடு பற்றி இன்னொரு அறிக்கை வெளியிட்டது. இந்த முறை ஃபேஸ்புக் நிறுவனம் தன் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்துக்கு ஆதரவாக, ஒரு பட்டனைத் தட்டினால் செய்தி போய்விடும்படி தன் பயனர்களுக்கு வழி செய்தது. அதிலும் லட்சக்கணக்கான செய்திகள் குவிந்தன. ஆனால் டிராய் சொன்ன பதில்: நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு இவை பதில் சொல்லவில்லை. 2016 பிப்ரவரி 8 அன்று வெளியான ஒழுங்குமுறை, அத்தகைய பாகுபாடான கட்டணங்களுக்குத் தடை போட்டது.

இரண்டு பக்கமும் எண்ணிக்கை இருந்தது. கேட்டவருக்கு வேண்டிய பதில் ஒரு பக்கம்தான் இருந்தது. நம் உதாரணத்தில் முடிவெடுப்பது குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்குழு என்றால், ஊர் முழுக்க ஹேஷ்டேக் ஓடுவதைவிட, பொதுக்குழுவில் ஓட்டுரிமை உள்ள அறுபது வீட்டுக்காரர்கள் கையெழுத்திடுவது முக்கியம். போனை அந்த அறுபது பேரை நோக்கித் திருப்புங்கள்.

அவர்கள் கையில் இருப்பது என்ன போன்?

நம் கையில் இருக்கும் போனை வைத்து அடுத்தவர் போனைக் கணக்குப் போடுவதுதான் நாம் அடிக்கடி செய்யும் தப்பு. எண்களைப் பாருங்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), தாங்களே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்த பெண்கள் 54 சதவீதம். நகரங்களில் 69, கிராமங்களில் 47. அப்படி வைத்திருந்தவர்களிலும் 71 சதவீதத்தினரால்தான் எஸ்.எம்.எஸ். படிக்க முடிந்தது. பெருக்கிப் பார்த்தால், நூறு பெண்களில் ஏறக்குறைய 38 பேருக்குத்தான் ஒரு எஸ்.எம்.எஸ். நேராகப் போய்ச் சேர்ந்து, அவர்களாலேயே படிக்கவும் பட்டிருக்கும். ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியிருந்த பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57 சதவீதம்.

அதற்குப் பிறகு இந்த எண்கள் உயர்ந்திருக்கும். ஆனாலும் தேசிய சராசரியை வைத்து உங்கள் வளாகத்துக்குத் திட்டம் போடாதீர்கள். இருபது பேரிடம் நேரில் பேசி, இந்த ஐந்தைக் கேளுங்கள்:

1. போன் உங்களுடையதா, வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து ஒன்றா?
2. பட்டன் போனா, டச் போனா?
3. ரீசார்ஜ் யார் செய்கிறார்கள்? தீர்ந்தால் எத்தனை நாள் கழித்துச் செய்வீர்கள்?
4. மெசேஜ் வந்தால் நீங்களே படிப்பீர்களா? எந்த மொழியில்?
5. எந்த நேரத்தில் கூப்பிட்டால் நிம்மதியாகப் பேச முடியும்?

முதல் கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம். போன் கணவரிடமோ மகனிடமோ இருந்தால், நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் அவர்கள்தான் முதலில் பார்ப்பார்கள். சில வீடுகளில் அது ஒரு பிரச்சினையே இல்லை. சில வீடுகளில் பெரிய பிரச்சினை.

குரலா, எஸ்.எம்.எஸ்ஸா, வாட்ஸ்அப்பா?

குரல்: படிக்கத் தெரிய வேண்டாம், டேட்டா வேண்டாம், பட்டன் போன் போதும். இதை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கு மத்திய இந்தியாவில் ஓர் உதாரணம் இருக்கிறது. சத்தீஸ்கர் பழங்குடிப் பகுதிகளுக்காக, பத்திரிகையாளர் சுப்ரான்ஷு சவுத்ரி 2010-ல் தொடங்கிய 'சிஜிநெட் ஸ்வரா'. அங்கே பலர் பேசுவது கோண்டி. நம் தமிழின் உறவு மொழி, திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 30 லட்சம் பேரின் தாய்மொழி. ஆனால் அந்த மொழியில் செய்தித்தாளோ டிவியோ அவர்களுக்கு எட்டியதில்லை.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால், திரும்ப அழைப்பு வரும். 1-ஐ அழுத்தினால் உங்கள் செய்தியைப் பதிவு செய்யலாம். 2-ஐ அழுத்தினால் மற்றவர்கள் பேசியதைக் கேட்கலாம். பதிவானவற்றைச் சரிபார்த்து வெளியிட ஆட்கள் இருந்தார்கள். "எங்க ஊர் கைப்பம்பு கெட்டுப்போச்சு", "கூலி வரல" என்று பேசுபவர், முடிக்கும்போது சம்பந்தப்பட்ட அதிகாரியின் போன் எண்ணையும் சொல்வார். அதைக் கேட்கும் யாரோ ஒருவர், வேறு ஊரிலிருந்து அந்த அதிகாரிக்குப் போன் போட்டு, "அந்த ஊர் பம்பு என்ன ஆச்சு சார்?" என்று கேட்பார். தொழில்நுட்பம் செய்தது பதிவும் ஒலிபரப்பும் மட்டுமே. பம்பைச் சரி செய்யவைத்தது அந்த இரண்டாவது போன் கால்.

உங்கள் திட்டத்திலும் அந்த இரண்டாவது கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால், குறைகளைச் சேகரித்து வைக்கிறீர்கள், அவ்வளவுதான்.

எஸ்.எம்.எஸ்.: இணையம் இல்லாமலும் போய்ச் சேரும் என்பது பலம். ஆனால் மொத்தமாக அனுப்புவது இப்போது சுலபமில்லை. டிராயின் 2018 ஒழுங்குமுறைப்படி, மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்பும் அமைப்புகள் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டி.எல்.டி. தளத்தில் பதிவு செய்து, அனுப்புநர் பெயருக்கும் செய்தியின் வார்ப்புருவுக்கும் முன் அனுமதி வாங்க வேண்டும். செய்தியில் இணைப்பு இருந்தால் அதையும் பதிந்திருக்க வேண்டும். பதியாத இணைப்புள்ள செய்திகள் 2024 அக்டோபர் முதல் தடுக்கப்படுகின்றன. இதற்கெல்லாம் ஆவணம், கட்டணம், நாள் கணக்கில் நேரம் தேவை. "என் சிம்லேருந்தே எல்லாருக்கும் அனுப்பிடறேன்" என்று நண்பர் சொன்னால் தடுத்துவிடுங்கள். அவருடைய இணைப்பே துண்டிக்கப்படலாம்.

தமிழில் அனுப்பினால் இன்னொரு கணக்கும் உண்டு. ஆங்கில எஸ்.எம்.எஸ். ஒன்றில் 160 குறியீடுகள் அடங்கும். தமிழில் 70 மட்டுமே. அதிலும் உயிர்மெய்யில் வரும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு. 'தொழிலாளர்' என்ற ஐந்து எழுத்துச் சொல்லுக்கு ஒன்பது குறியீடுகள் போய்விடும். 70-ஐத் தாண்டினால் இரண்டு எஸ்.எம்.எஸ்ஸாகக் கணக்கிடப்படும், செலவு இரட்டிப்பாகும். பட்ஜெட் போடும் முன் செய்தியை எழுதி எண்ணிப் பாருங்கள்.

வாட்ஸ்அப்: பழகியது, இலவசம், குரல் பதிவும் அனுப்பலாம். ஆனால் எந்த வசதியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, யாருக்கு யாருடைய எண் தெரியும் என்பது மாறும். சாதாரண குரூப்பில் எல்லாருக்கும் எல்லாருடைய எண்ணும் தெரியும். பிராட்காஸ்ட் பட்டியலில் மற்றவர்கள் யார் என்று பெறுபவருக்குத் தெரியாது; ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். சேனலைப் பின்தொடர்பவர்கள் ஒருவர் எண்ணை இன்னொருவர் பார்க்க முடியாது. ஆனால் உங்களுக்குப் பதில் எழுதவும் முடியாது.

நம் உதாரணத்துக்கு என் தேர்வு இது: வீட்டுவேலை செய்யும் பெண்களுடன் நேரடி போன் கால், ஒருவருக்கு ஒருவர். வீட்டுக்காரர்களுக்கு வாட்ஸ்அப் குரூப். இரண்டையும் கலக்கவே கூடாது.

செலவும் ஆட்களும்

போன் பிரசாரத்தில் பணத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோவது நேரம். 300 பெண்கள், ஐந்து தன்னார்வலர்கள் என்றால் ஆளுக்கு 60 பேர். ஒரு காலுக்குப் பத்து நிமிடம் என்றால் 600 நிமிடம், அதாவது ஒவ்வொருவருக்கும் பத்து மணி நேரம். ஒரு சுற்றுக்கு மட்டும் இவ்வளவு. எடுக்காதவர்களுக்குத் திரும்பப் போடுவது, பேசியதைக் குறித்து வைப்பது எல்லாம் தனி. வேலைக்குப் போய்க்கொண்டே இதைச் செய்ய ஒருவருக்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, இன்று தொடங்கினால் நடக்குமா என்று பாருங்கள். நடக்காது என்றால் ஆட்களைக் கூட்டுங்கள். இல்லையேல் 300 பேரை 100 ஆக்குங்கள்.

யார் எந்த மொழி பேசுவார்கள் என்பதும் திட்டத்தில் வர வேண்டும். பெங்களூரு வளாகம் ஒன்றில் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, வங்காளம் எனக் கலந்திருக்கும். ஐந்து தன்னார்வலர்களும் தமிழ் மட்டும் பேசினால், உங்கள் கோரிக்கை தமிழ் பேசுபவர்களின் கோரிக்கையாக மட்டும் நின்றுவிடும்.

காலில் என்ன பேசுவது என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "வணக்கம் அக்கா, நான் சி பிளாக்லேருந்து பேசுறேன். வார லீவு விஷயமா. இப்ப பேசலாமா, இல்ல அப்புறம் கூப்பிடட்டுமா?" என்று தொடங்கினால் போதும். "இப்ப வேணாம்" என்று பதில் வந்தால், பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு வைத்துவிடுங்கள். காரணம் கேட்காதீர்கள்.

சேர்த்த எண்களை என்ன செய்வது?

மேலே சொன்ன டிராய் கதைக்கு ஒரு பின்பாதி உண்டு. 2015 ஏப்ரல் 27 அன்று, தனக்கு வந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களை டிராய் தன் இணையதளத்தில் வெளியிட்டது, அனுப்பியவர்களின் பெயர், மின்னஞ்சல் முகவரியோடு. வெளிப்படைத்தன்மை என்ற காரணம் இருக்கலாம். ஆனால் ஒரு கொள்கை பற்றிக் கருத்துச் சொன்ன சாதாரண ஆட்களின் முகவரிகள், யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளும் பட்டியலாகின. மனுவில் கையெழுத்து கேட்கும்போது, அந்த மனு கடைசியில் யார் கையில், எந்த வடிவில் போய் நிற்கும் என்று நாம் யாரும் யோசிப்பதில்லை.

ஐ.டி. ஊழியரின் மின்னஞ்சல் கசிந்தால் கொஞ்சம் ஸ்பேம் வரும். வீட்டுவேலை செய்பவரின் பெயர், எண், "எந்த வீட்டில் வேலை", "என்ன புகார்" எல்லாம் ஒரே எக்செல் ஷீட்டில் கசிந்தால் அவருக்குச் சோறு போகும். எனவே சில கட்டுப்பாடுகள்:

• தேவையில்லாததைக் கேட்காதீர்கள். ஆதார் எண், வீட்டு முகவரி, பிறந்த தேதி எல்லாம் இந்தக் கோரிக்கைக்கு எதற்கு?
• பெயரும் எண்ணும் ஒரு கோப்பில். புகார் இன்னொரு கோப்பில், 'அ-17' போன்ற குறியீட்டுடன். இரண்டையும் இணைக்கும் பட்டியல் ஒரே ஒருவரிடம்.
• "லிங்க் இருக்கும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்ற அமைப்பில் எந்த ஷீட்டையும் வைக்காதீர்கள்.
• மிஸ்டு கால், ஐ.வி.ஆர். சேவையை ஒரு நிறுவனத்திடம் வாங்கினால், எண்கள் அவர்களிடமும் இருக்கும். எப்போது அழிப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.
• போட்டோ அனுப்பும்போது, ஆவணமாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகலாம். முகம் தெரிய வேண்டாம் என்றால் எடுக்கும்போதே தவிர்த்துவிடுங்கள்.
• அழிக்கும் தேதியை முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எதற்காகத் தகவல் வாங்குகிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு தர வேண்டும். சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. 2025 நவம்பரில் விதிகள் வெளியாகிவிட்டன. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பின் அமலுக்கு வருகின்றன. தனிப்பட்ட, வீட்டு உபயோகத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் ஒரு பிரசாரத்துக்காக நூற்றுக்கணக்கானோரின் எண்களைத் திரட்டிவிட்டு அந்த விலக்கை நம்பியிருப்பது ஆபத்து.

நெட் நின்றுபோனால்?

இந்தியாவில் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் இணையத்தோடு செல்போனும் லேண்ட்லைனும்கூட நிறுத்தப்பட்டன. 4ஜி முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். மணிப்பூரில் 2023 மே மாதம் தொடங்கிய இணைய முடக்கம் மாதக்கணக்கில் நீண்டது. இணையத்தைக் காலவரையின்றி முடக்கக் கூடாது, முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று அனுராதா பசின் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எஸ்.எம்.எஸ்ஸுக்கும் இது நேர்ந்திருக்கிறது: 2012 ஆகஸ்டில், வடகிழக்கு மாநிலத்தவர்கள் பெங்களூரு உள்ளிட்ட நகரங்களை விட்டு வதந்தியால் வெளியேறியபோது, நாளொன்றுக்கு ஐந்து எஸ்.எம்.எஸ். மட்டுமே என்று சில நாட்கள் கட்டுப்பாடு இருந்தது.

மாற்று வழி பழையதுதான்: அழைப்புச் சங்கிலி. ஒருவர் ஐந்து பேருக்கு, அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து பேருக்கு, அவர்களும் அப்படியே. மூன்றே சுற்றில் 5 + 25 + 125 = 155 பேர். முக்கிய எண்களைக் காகிதத்தில் எழுதி வைத்திருங்கள். போனும் போய்விட்டால் எந்த நாள், எந்த மணிக்கு, எந்த டீக்கடையில் சந்திப்பது என்பதையும் முன்பே பேசி வையுங்கள்.

எதை எண்ணுவது?

தரவுகளோடு வேலை செய்பவள் என்பதால் எனக்கு எண்கள் பிடிக்கும். ஆனால் 5,000 ஃபார்வர்டு, 800 லைக், 2,000 மிஸ்டு கால் இதெல்லாம் நீங்கள் எவ்வளவு சத்தம் போட்டீர்கள் என்பதன் அளவு. எண்ண வேண்டியவை வேறு: எத்தனை பெண்களிடம் பேசினோம், அதில் எத்தனை பேர் "என் பெயரைச் சொல்லலாம்" என்றார்கள், எத்தனை வீட்டுக்காரர்கள் கையெழுத்திட்டார்கள், எத்தனை வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை லீவு உண்மையிலேயே தொடங்கியது, யாருக்காவது வேலை போனதா. கடைசி எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். அது ஒன்றானால், மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் அவருக்கு வழி தேடுங்கள்.

ஒரு பக்கத் திட்டம்

முதல் மெசேஜ் அனுப்பும் முன் இந்த ஒன்பதுக்கும் ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும்:

1. கோரிக்கை: ஒரே வாக்கியத்தில்.
2. முடிவெடுப்பவர், அவர் ஏற்கும் வடிவம், கடைசித் தேதி.
3. பாதிக்கப்பட்டவர்களிடம் இருக்கும் போன், மொழி, பேச ஏற்ற நேரம்.
4. யாருக்கு எந்த வழி: குரல், எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்அப்.
5. செய்தி வந்தபின் யார், எத்தனை நாளுக்குள், யாருக்குப் போன் போடுவார்கள்.
6. ஆட்கள், மணி நேரம், பணம்.
7. எந்தத் தகவல் யாரிடம் இருக்கும், எப்போது அழியும்.
8. நெட் நின்றால், பட்டியல் கசிந்தால் என்ன செய்வது.
9. வெற்றி என்று எதைச் சொல்வோம்.

எழுதி முடித்ததும் பத்துப் பேரை வைத்து ஒரு வாரம் ஒத்திகை பாருங்கள். அந்தப் பத்தில் குறைந்தது ஐந்து பேர் கோரிக்கைக்கு உரியவர்களாக இருக்கட்டும். "இது சரிப்படாதும்மா, எங்க வீட்டுக்காரர்தான் போன எடுப்பாரு" என்று அவர்களில் ஒருவர் சொன்னால், திட்டத்தை மாற்றுங்கள். அந்த ஒரு வாக்கியம் எந்த ஆப்பும் உங்களுக்குச் சொல்லாதது.

கோரிக்கை நிறைவேறினாலும் தோற்றாலும், நீங்கள் பேசிய ஒவ்வொருவருக்கும் கடைசியாக ஒரு கால் போடுங்கள். என்ன ஆச்சு என்று சொல்லுங்கள். "உங்க நம்பரை அழிச்சுடவா, அடுத்ததுக்கும் வெச்சுக்கட்டுமா?" என்று கேளுங்கள். "வெச்சுக்கோங்க" என்று எத்தனை பேர் சொல்கிறார்களோ, உங்கள் அடுத்த பிரசாரத்தின் பலம் அவ்வளவுதான்.